ஆண்கள் அணி, பெண்கள் அணி: கழகக் காசை எப்படிப் பிரிப்பது?

திருகோணமலைப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகங்கள் சிலவற்றில் இப்போது இதே பேச்சுத்தான். பெண்கள் அணி தொடங்கியாயிற்று, ஜேர்சியும் அடித்தாயிற்று. இனி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காசைப் பிரிக்க வேண்டும். "சரிபாதி கொடுத்தால் பொடியன்கள் கோபிக்கிறாங்கள், கொடுக்காவிட்டால் பிள்ளைகள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யிறது?" என்று கேட்கும் செயலாளர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய கழகங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆண்டுக்குச் சில இலட்சம் ரூபாய் வரவு, சொந்த மைதானம் கிடையாது, பயிற்றுநருக்குச் சம்பளம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை, பொருளாளரின் வீட்டு அலுமாரியில் ஒரு கணக்குக் கொப்பி. இந்த அளவிலான கழகம்தான் நம் ஊரில் அதிகம்.

## எதை வைத்து அளப்பது?

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலை முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவர் நியாயம் பேசுவார், இன்னொருவர் வருமானம் பேசுவார், இரண்டும் சந்திக்கவே மாட்டா. நான் வைக்கும் கேள்விகள் இவை:

- இந்த ஆண்டு விளையாடும் பெண்பிள்ளை அடுத்த ஆண்டும் வருவாளா?
- இரண்டு அணிக்கும் கிடைக்கும் பயிற்சி, சப்பாத்து, பயணம், நேரம் ஒரே தரத்தில் இருக்கின்றனவா?
- கழகம் உடையாமல் இருக்குமா?
- பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் விளக்கக்கூடிய கணக்கா?
- வரவு குறைந்த ஆண்டில் யார் தலையில் விடியும்?

முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பள்ளிக்கூட அளவில் நம் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம் ஒன்றும் குறைந்ததல்ல. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவியர் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்றிருக்கிறார்கள். ஆனால் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி முடித்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போய் விளையாடுவாள்? ஆண்பிள்ளைக்குத் தெருவுக்குத் தெரு கழகம் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கிறது. பெண்கள் அணி ஒன்றைக் கழகம் நடத்துவதன் பயன் அந்தக் கதவைத் திறந்து வைப்பதுதான்.

## காசுக்கு முன்னால் மைதான நேரம்

பட்ஜெட் தாளில் வராத செலவு ஒன்று இருக்கிறது. ஏகாம்பரம் மைதானமோ, ஒரு பள்ளிக்கூட மைதானமோ, எதுவானாலும் பின்னேரம் நாலரை மணி முதல் இருட்டும் வரைக்கும்தான் நல்ல நேரம். அந்த நேரத்தை ஆண்கள் அணி எத்தனையோ வருடமாகப் பிடித்து வைத்திருக்கும். புதிதாக வந்த பெண்களுக்கு மூன்று மணி வெயில் கிடைக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும்போது மூன்று மணிக்கு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அல்லது ஐந்தரைக்குப் பிறகு மைதான மூலையில், கோணர்க் கொடிப் பக்கம் ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். அங்கே நாலு கூம்பை வைத்துப் பந்து கடத்திக்கொண்டிருக்கும்போது பெரிய கோலுக்கு அடித்த பந்து ஒன்று நடுவில் வந்து விழும். "தங்கச்சி, அந்தப் பந்தை எடுத்துப் போடுங்கோ" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பயிற்சியில் பாதி நேரம் பந்து பொறுக்குவதில் போகும்.

இப்படி நடக்கும் கழகம் காசைச் சரிபாதி பிரித்து என்ன பயன்? ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் நேரத்தைப் பிரியுங்கள். கிழமையில் இரண்டு நாள் முழு மைதானம் ஆண்களுக்கு, இரண்டு நாள் முழு மைதானம் பெண்களுக்கு. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதையே ஒத்துக்கொள்ளாத நிர்வாகம் காசு விஷயத்தில் எதை ஒத்துக்கொண்டாலும் அது தாளில்தான் இருக்கும்.

## ஒரு மாதிரிக் கணக்கு

பேச்சுக்கு ஒரு கழகம். ஆண்டு வரவு 6 இலட்சம் ரூபாய். பந்து, கோடு போடுதல், பதிவு, முதலுதவி போன்ற பொதுச் செலவு 1,20,000. மிச்சம் 4,80,000. ஆண்கள் அணியில் 22 பேர், பெண்கள் அணியில் 14 பேர். வரவில் 5 இலட்சம் ஆண்கள் அணியின் பெயரில் கேட்டு வந்தது, 40,000 பெண்கள் அணியின் பெயரில் வந்தது, மிச்சம் 60,000 அங்கத்தவர் சந்தா. இவை நானே போட்ட எண்கள். உங்கள் கொப்பியில் உள்ளதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

| வழி | ஆண்கள் அணி | பெண்கள் அணி |
|---|---|---|
| அவரவர் காசு அவரவருக்கு | 4,70,000 | 10,000 |
| தலைக்கு இவ்வளவு | 2,93,000 | 1,87,000 |
| பாதிக்குப் பாதி | 2,40,000 | 2,40,000 |
| ஒரே தரம் | 2,28,000 | 2,52,000 |

முதல் வரிசையில், பொதுச் செலவில் சந்தா போக மிஞ்சும் 60,000ஐ இரண்டு அணியும் அணிக்கு 30,000 வீதம் கட்டுவதாக வைத்திருக்கிறேன். கடைசி வரிசை எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். பலருக்கு அதுதான் ஆச்சரியமாக இருக்கும்.

## வழி 1: அவரவர் கொண்டுவந்த காசு அவரவருக்கு

இதுதான் நம் ஊரில் வழக்கம். யாரும் தீர்மானம் போட்டுக் கொண்டுவரவில்லை, தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்க நியாயமாகவும் இருக்கும்: "நாங்கள் உழைச்ச காசை ஏன் கொடுக்க வேணும்?"

உழைத்த காசு என்றால் எது? நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் டிக்கெட் வருமானத்தை நம்பி எந்தக் கழகமும் இல்லை. காசு வருவது மூன்று வழியில்: கடைக்காரர் கொடுக்கும் அனுசரணை, ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய விளையாட்டுக்காரர் அனுப்புவது, அங்கத்தவர் சந்தா. இதில் எதுவும் கோல் அடித்து வந்ததல்ல, கேட்டு வந்தது. கேட்கப் போனவர்கள் ஆண்கள், கேட்டது ஆண்கள் அணிக்கு. இருபது வருடப் பழக்கத்தில் கட்டிய தொடர்பு அது. நேற்றுத் தொடங்கிய அணியிடம் "நீங்களும் போய் அப்படிக் கேட்டு வாங்குங்கள்" என்பது எந்தக் கணக்கு?

"பெண்கள் ஆட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை" என்பது அடுத்த வாதம். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கேர் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழக மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இருந்தது. மைதானத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஆட்கள் வருவதில்லை என்று சொன்னால் எப்படி? நம் பக்கம் அப்படி எழுத்தில் தடை இல்லை, மூன்று மணி வெயில்தான் இருக்கிறது.

மறைந்த செலவு: பயிற்றுநரும் மூத்த வீராங்கனைகளும் பயிற்சியை விட்டுக் காசு தேடி அலைவார்கள். மட்டக்களப்புக்கு ஒருமுறை வான் பிடிக்கவே பத்தாயிரம் காணாது. பிறகு அந்த அணி நின்றுபோகும், "நாங்கள் முயற்சி செய்தோம், பிள்ளைகள் வரவில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

எப்போது பொருந்தும்: பெண்கள் அணிக்கென்றே ஒரு அனுசரணையாளர் முன்வந்து, இரண்டு மூன்று வருடத்துக்கு எழுத்தில் உறுதி தந்தால். அப்போது அந்தக் காசு ஆண்கள் பக்கம் கசியாமலிருக்கத் தனிக் கணக்கு உதவும். வேறு எந்த நிலையிலும் இதை நான் சொல்ல மாட்டேன்.

## வழி 2: தலைக்கு இவ்வளவு

பொருளாளர்களுக்குப் பிடித்த வழி. ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் விளக்க இதைப்போல் இலகுவானது வேறில்லை.

சிக்கல் என்னவென்றால், அணியின் செலவில் பாதி தலைக்கணக்கில் வருவதில்லை. 14 பேர் போனாலும் வான் ஒன்றுதான், 20 பேர் போனாலும் வான் ஒன்றுதான். பயிற்றுநரும் ஒருவர்தான். ஆகவே சின்ன அணி எப்போதும் அடிபடும். ஆள் குறைவு என்பதால் காசு குறையும், காசு குறைவதால் ஆள் இன்னும் குறையும். இன்னொன்று, பெயர் எழுதிவிட்டுப் பயிற்சிக்கே வராதவர்களின் பட்டியல் திடீரென்று நீளும். இதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டு அணியிலும் ஆள் கிட்டத்தட்டச் சமமாக இருந்து, இரண்டும் ஒரே மாவட்டப் போட்டிகளில் ஆடினால் இந்த வழி போதும். சப்பாத்து, ஜேர்சி மட்டும் இப்படிப் பிரித்து மற்றவற்றை வேறு வழியில் பிரிப்பதும் நல்லது.

## வழி 3: பாதிக்குப் பாதி

இதற்கு உலகத்தில் காட்டக்கூடிய உதாரணம் இங்கிலாந்தின் லூயிஸ் கழகம். சின்ன ஊர், 2010 முதல் ஆதரவாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கழகம். 2017 இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சம அளவு நிதி என்று அறிவித்தார்கள். 2018 இல் பெண்கள் அணி நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டிக்குப் போயிற்று. 2023 இல் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணக் (எஃப்.ஏ. கப்) காலிறுதியில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை எதிர்கொண்டு 3-1 என்று தோற்றது. அப்போது ஆண்கள் அணி ஏழாம் நிலையில் ஆடிய ஒரு கழகத்துக்கு அது எங்கேயோ போன தூரம். கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். 2024 இல் பெண்கள் அணி அந்த இரண்டாம் நிலையிலிருந்து கீழே இறங்கியது. எதிரே நின்ற பல அணிகளின் பின்னால் பணக்காரக் கழகங்கள் இருந்தன. சின்னக் கழகத்தின் பாதி, பெரிய கழகத்தின் சில்லறையைவிடக் குறைவாகத்தானே இருக்கும்.

திருகோணமலைக்கு இதிலிருந்து நான் எடுப்பது கொஞ்சம் வேறு. இங்கே பெண்கள் அணிகளுக்குப் பின்னால் எந்தப் பணக்காரக் கழகமும் நிற்கவில்லை. மற்ற அணிகளும் நம்மைப் போலத்தான். ஆகவே இங்கே பாதி கொடுக்கும் கழகத்தின் பெண்கள் அணி சீக்கிரமாகவே மேலே வரும். மற்ற ஊர்ப் பிள்ளைகளும் தேடி வருவார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பஸ்ஸிலேயே வந்துவிடலாம்.

பாதி என்ற சொல்லுக்கு ஒரு பலமும் உண்டு. அனுசரணை கேட்கப் போகும்போது "எங்கள் கழகத்தில் இரண்டு அணிக்கும் சமம்" என்பதை ஒரு வரியில் சொல்லலாம். வெளிநாட்டில் இருப்பவர்களில் பெண்பிள்ளைகளைப் பெற்ற பலருக்கு அந்த வரி பிடிக்கும். பை திறக்கும்.

மறைந்த செலவு ஆண்கள் பக்கம். இருந்த காசில் பாதியை ஒரே நாளில் வெட்டினால், சுற்றுப்போட்டிக்குக் கொடுக்கும் சாப்பாட்டுப் பார்சல் முதற்கொண்டு குறையும். ஓரிரண்டு நல்ல விளையாட்டுக்காரர் பக்கத்துக் கழகத்துக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க நோர்வே செய்ததைப் பாருங்கள். 2017 இல் தேசிய அணிகளுக்குச் சமமாகக் கொடுப்பது என்று ஒப்பந்தம் வந்தபோது, ஆண் வீரர்களே தங்கள் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் கையெழுத்து அதில் இருந்தது. நம் கழகத்திலும் நிர்வாகம் அறிவிப்பதைவிட ஆண்கள் அணித் தலைவர் எழுந்து முன்மொழிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இன்னொரு சங்கடம்: பாதி வந்தாலும் போதாமல் போகலாம். அது அடுத்த வழியில் வருகிறது.

## வழி 4: ரூபாய் வேறாக இருக்கலாம், தரம் ஒன்றாக இருக்கட்டும்

அமெரிக்காவில் கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972 இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (Title IX) பள்ளிக்கூட, கல்லூரி விளையாட்டையே மாற்றியது. அது மொத்தத் தொகை சமமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. உபகரணம், பயிற்சி நேரம், பயண வசதி, பயிற்றுநர், உடைமாற்றும் அறை, மருத்துவம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் கிடைப்பது ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. உதவித்தொகைக்கு மட்டும் ஆள் எண்ணிக்கைப் படி பங்கு. நம் சின்னக் கழகத்துக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

எப்படிச் செய்வது? காசை எண்ணும் முன், ஒரு விளையாட்டுக்காரருக்குக் கழகம் என்னென்ன தரும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். மாதிரிக் கணக்கில் நான் எழுதியது இது. சப்பாத்து, ஜேர்சிக்குத் தலைக்கு 6,000: ஆண்களுக்கு 1,32,000, பெண்களுக்கு 84,000. பயிற்றுநர் படி மாதம் 4,000: இரண்டு பக்கமும் 48,000. வெளியூர்ப் பயணம்: ஆண்களுக்குப் போட்டி பெரும்பாலும் மாவட்டத்துக்குள்ளேயே, ஆறு பயணம், தடவைக்கு 8,000, மொத்தம் 48,000. பெண்கள் அணிகள் குறைவு என்பதால் ஆட்டம் தேடி மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும், மூன்று பயணம், தடவைக்கு 30,000, மொத்தம் 90,000. கடைசியாக, பயிற்சி முடிந்து இருட்டில் வீடு போகும் ஓட்டோவில் கழகத்தின் பங்கு 30,000. கூட்டிப் பாருங்கள், ஆண்களுக்கு 2,28,000, பெண்களுக்கு 2,52,000. ஆள் குறைவான அணிக்குக் காசு கூட. ஆனால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்த ஓட்டோக் காசை வெட்டத்தான் முதலில் கை உயரும். "பொடியன்களுக்கு யார் ஓட்டோ பிடிச்சுக் கொடுத்தது?" சரிதான், கொடுக்கவில்லை. நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், மழையும் தொடங்கிவிட்ட காலத்தில், உப்புவெளியிலிருந்தோ சாம்பல்தீவிலிருந்தோ வரும் பதினேழு வயதுப் பிள்ளையின் தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பிந்தினால் பேச்சு, இரண்டாம் நாள் பிந்தினால் "ரியூசன் இருக்குது, பந்து காணும்". பெண்கள் அணி கலைவது தோல்வியால் அல்ல, பெரும்பாலும் இந்த வாசலில்தான். எனவே என் முதல் அளவுகோலின்படி பட்டியலில் மிகவும் பெறுமதியான 30,000 அதுதான்.

சின்னச் சின்ன விஷயங்களும் இந்த முறையில்தான் வெளியே வரும். தலையை மூடி ஆட 2014 இல் சர்வதேச விதி அனுமதி தந்துவிட்டது. ஆனால் அந்தத் துணி கறுப்பாகவோ ஜேர்சியின் முக்கிய நிறத்திலோ இருக்க வேண்டும். சோர்ட்ஸுக்குள் இறுக்கமான நீளக் காற்சட்டை போட்டால் அதுவும் சோர்ட்ஸின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், அணி முழுக்க ஒரே நிறமாக. கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் இருக்கும் அணியில் இவை ஜேர்சியோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள். பிள்ளைகள் தாங்களே கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் நடுவர் நிறத்தைக் காட்டி நிறுத்துவார். முழங்கால் விஷயமும் அப்படியே. முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் விளையாட்டுக்காரருக்கு அதிகம் நடக்கிறது. அதைக் குறைக்கும் சூடேற்றும் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். "யாராவது ஒரு சேர் வந்து பார்த்துக்கொள்வார்" என்பது இங்கே வேலைக்காகாது.

குறை என்ன? விளக்குவது கஷ்டம். பட்டியல் எழுதத் தெரிந்த பொருளாளரும், அதை நம்பும் கூட்டமும் வேண்டும். எழுதுகிறவர் ஒரு பக்கம் சாய்ந்தால் "தேவை" என்ற பெயரில் பழையபடி ஆண்கள் பக்கமே போய்விடும். ஆகவே பட்டியலை எழுதும் குழுவில் இரண்டு அணியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். நிர்வாகத்தில் ஒரு பெண்கூட இல்லாத கழகமானால், அது மாறும் வரைக்கும் மூன்றாம் வழியே மேல். பாதி என்பதில் யாரும் விளையாட முடியாது.

## கட்டம் கட்டமாக?

இந்த ஆண்டு முப்பது வீதம், அடுத்த ஆண்டு நாற்பது, அதற்கடுத்து ஐம்பது என்று பிரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்கள் அணிக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட செலவு இருந்தால் செய்யலாம். ஆண்டும் வீதமும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாத கட்டம் முதலாம் கட்டத்திலேயே நிற்கும்.

## தீர்மானத்தில் எழுத வேண்டியவை

நான்காம் வழியோ மூன்றாம் வழியோ, பொதுக்கூட்டத் தீர்மானத்தில் மைதான நேரம் முதல் வரியாக வரட்டும். இரண்டாவதாக, அனுசரணை கேட்கும் கடிதம் இனிக் கழகத்தின் பெயரில் மட்டும் போகட்டும், ஒரு அணியின் பெயரில் வேண்டாம். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கொடுக்கும் கடிதத்துக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, காசு குறைந்தால் என்ன செய்வது என்பது. மேலிருந்து வரும் காசை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம். 2023 இல் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே உலக அமைப்பான பீஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது. ஒரு கடைக்காரர் கையை விரித்தாலும் நிலைமை அதேதான். அப்படி வரவு விழுந்தால் இரண்டு அணியின் தொகையும் ஒரே வீதத்தில் குறையும், ஒரு அணியின் பயணத்தை மட்டும் நிறுத்த முடியாது, வீடு கொண்டுபோய் விடும் செலவைக் கடைசியாகத்தான் தொடலாம் என்று எழுதிவிடுங்கள். இதை வரவு நன்றாக இருக்கும் ஆண்டிலேயே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். காசு முட்டுப்பட்ட பிறகு கூட்டம் கூடினால் யார் கை அதிகமோ அவர்கள் சொல்வதுதான் நடக்கும், 22க்கு 14 என்று கணக்கு முதலிலேயே தெரிந்ததுதானே.